கண்ணைத் திறந்துவிட்டார்... நினைவு வந்துவிட்டதா?

"நான் பேசறது இவருக்குக் கேட்குமா டாக்டர்?"

எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை, பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அப்படியே சாய்ந்துவிட்ட குடும்பத் தலைவர்... படுக்கையில் கிடப்பது நம்மவர் உடம்புதான். மூச்சு வருகிறது. கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. ஆனால், 'அவர்' உள்ளே இருக்கிறாரா?

"பார்க்கலாம்மா... இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் நகர்ந்துவிடுகிறார். அவர் எதையோ மறைக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. ஒருவருக்குள் உணர்வு இருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது, மருத்துவத்தில் இன்றைக்கும் மிகக் கஷ்டமான வேலைகளில் ஒன்று.

இதில் நம் தமிழ் வேறு கொஞ்சம் குழப்பிவிடுகிறது. பழைய ஞாபகத்தையும் 'நினைவு' என்கிறோம். மயக்கம் தெளிந்தாலும் 'நினைவு வந்துடுச்சு' என்கிறோம். நோயாளி லேசாகக் கண் திறந்தால்கூட அதே வார்த்தைதான். மூளைக்குள் இவை மூன்றும் வேறு வேறு. கண் திறந்திருப்பது ஒன்று. திறந்த கண்ணால் 'எதிரே நிற்பது என் பெண்டாட்டி' என்று உணர்வது இன்னொன்று. அதை நாளைக்கும் ஞாபகம் வைத்திருப்பது மூன்றாவது. ஆஸ்பத்திரியில் குடும்பங்கள் வீணாகச் சந்தோஷப்படுவதும், சில சமயம் வீணாக நம்பிக்கை இழப்பதும், முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்விட்ச்

கண் திறப்பது எங்கிருந்து வருகிறது? கழுத்துக்கு மேலே, முதுகுத்தண்டின் நரம்பு மூளைக்குள் நுழைகிற இடத்தில், ஏறத்தாழ நம் கட்டைவிரல் பருமனில் மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். இதன் நடுவே வலைபோலப் பின்னிக் கிடக்கும் நரம்புக் கூட்டத்துக்கு 'ரெட்டிகுலர் ஃபார்மேஷன்' என்று பெயர்.

1949-ல் இத்தாலிய விஞ்ஞானி மொருஸ்ஸியும் அமெரிக்கரான மகூனும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்த பூனையின் மூளைத்தண்டில் இந்த வலைப் பகுதியை மட்டும் மின்சாரத்தால் லேசாகத் தூண்டினார்கள். பூனையின் மூளை அலைகள் சட்டென்று மாறின. தூங்கும் மூளையின் பெரிய, மெதுவான அலைகள் போய், விழித்திருக்கும் மூளையின் சின்னச் சின்ன வேகமான அலைகள் வந்தன! கண்ணும் காதும் ஓயாமல் சேதி அனுப்புவதால்தான் மூளை விழித்திருக்கிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அப்படியில்லை, விழிப்புக்கென்று தனியாக ஒரு ஸ்விட்ச் உள்ளேயே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சரி, ஸ்விட்ச் போட்டால் எரிகிற விளக்கு எது? மூளையின் மேல் பரப்பில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பெருமூளைப் புறணி. நடுவில் இருக்கும் தாலமஸ் அதற்குக் கூட்டாளி. இந்த இரண்டுக்கும் இடையே ஓயாமல் தகவல் போய்வந்துகொண்டிருக்கிறது. அந்தப் போக்குவரத்து சீராக நடக்கும்வரைதான் 'நான் இருக்கிறேன், இது என் வீடு, காபி ஆறிப்போச்சு' என்ற உணர்வெல்லாம்.

இங்கே ஓர் ஆச்சரியம். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அதில் 6,900 கோடி, பின்தலையில் இருக்கும் சிறுமூளையில்தான்! ஆனால் சிறுமூளை பலமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும், உணர்வு மட்டும் மங்காது. சீனாவில் பிறவியிலிருந்தே சிறுமூளை இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி 2014-ல் டாக்டர்கள் எழுதினார்கள். அந்தப் பெண் நடந்து, பேசி, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். ஆக, செல்களின் எண்ணிக்கையில் விஷயம் இல்லை, அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

இதை 2005-ல் மஸ்ஸிமினி என்ற ஆராய்ச்சியாளரின் குழு வேறு விதமாகக் காட்டியது. விழித்திருப்பவரின் தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையை ஒரு தட்டுத் தட்டினால், அதன் அதிர்வு பல பகுதிகளுக்கும் பரவுகிறது. அதே ஆள் கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது தட்டினால், தட்டிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. குளத்தில் கல் எறிவதற்கும் சேற்றில் கல் எறிவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

'அப்படியானால் உணர்வு என்றால் என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்களா?' என்று கேட்டால்... ஊஹூம்! நரம்பில் ஓடும் மின்சாரம் எப்படி 'மல்லிகைப்பூ மணக்கிறது' என்ற அனுபவமாக மாறுகிறது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. கிறிஸ்டாஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, '25 வருடத்தில் கண்டுபிடித்துவிடுவோம்' என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரிடம் 1998-ல் பந்தயம் கட்டினார். 2023-ல் கெடு முடிந்தது. நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப்படி ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார் கோக்!

இந்த விளக்கு எவ்வளவு சீக்கிரம் அணையும் தெரியுமா? நம் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. அதனால் ரத்த ஓட்டம் நின்று பத்து விநாடி போனாலே நினைவு தப்பிவிடும். கல்யாண மண்டபத்தில், கோயில் கூட்டத்தில் வெகுநேரம் நின்றவர் பொத்தென்று விழுவது ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதால்தான். உடனே யாராவது "சோடா... சோடா!" என்று ஓடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போகலாம். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால், சாதாரண மயக்கம் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லையா? மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கமும் அப்படித்தான், வலிப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை.

சினிமா கோமாவும் நிஜ கோமாவும்

நம் சினிமாக்களில் ஹீரோ தலையில் அடிபட்டு இருபது வருஷம் கோமாவில் இருப்பார். முகத்தில் தாடிகூட வளராது. அம்மாவின் குரலைக் கேட்டதும் கண் திறந்து அடுத்த காட்சியிலேயே சண்டைக்குப் போவார்!

நிஜத்தில் கோமா என்பது கண் மூடிய நிலை. எவ்வளவு தட்டினாலும், கிள்ளினாலும் கண் திறக்காது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது அல்லது பெருமூளை மொத்தமும் செயலிழந்திருக்கிறது என்று அர்த்தம். இது வருஷக்கணக்கில் நீடிப்பது மிக அபூர்வம். இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் உயிர் பிரியும், அல்லது தெளிய ஆரம்பிக்கும், அல்லது கண் மட்டும் திறக்கும்.

கேஸ் ஷீட்டில் 'ஜி.சி.எஸ். 6' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "பத்துக்கு ஆறு, பரவாயில்லையே" என்று நினைத்துவிடாதீர்கள். கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மார்க் போடும் இந்த முறையை 1974-ல் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் கொண்டுவந்தார்கள். மொத்த மார்க் 15. குறைந்தபட்ச மார்க் பூஜ்யமல்ல, 3. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. எட்டும் அதற்குக் கீழும் கோமா. தொண்டையில் டியூப் போட்டிருந்தால் பேச்சுக்கு மார்க் போட முடியாது, அதற்குப் பதில் 'டி' என்று எழுதுவார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் நர்ஸ் ஓடி வந்து, "கண்ணைத் தொறந்துட்டார்ம்மா!" என்கிறார். குடும்பமே அழுது, சாமி கும்பிட்டு, ஊருக்கெல்லாம் போன் போடுகிறது. ஆனால் ஒரு வாரம் ஆகிறது, இரண்டு வாரம் ஆகிறது... கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கேயோ நிற்கிறது. காலையில் விழிக்கிறார், ராத்திரி தூங்குகிறார். கொட்டாவி விடுகிறார். கண்ணீர்கூட வழிகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை.

மூளைத்தண்டின் ஸ்விட்ச் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, மேலே விளக்கு எரியவில்லை. இதற்கு 1972-ல் ஜென்னட்டும், அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஃப்ரெட் பிளமும் 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' என்று பெயர் வைத்தார்கள். தாவரம் மாதிரி என்ற அர்த்தம் அதில் வந்துவிடுகிறது. ஒரு மனுஷனை அப்படிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பல டாக்டர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இப்போது 'எதிர்வினையற்ற விழிப்பு நிலை' என்ற பொருளில் வேறு பெயர் புழக்கத்துக்கு வந்திருக்கிறது.

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கு பலருக்கு ஞாபகம் இருக்கும். 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதித்த அவரை, அங்கேயே 42 வருஷம், 2015-ல் அவர் இறக்கும்வரை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். அவரைக் கருணையோடு விடுவிக்க வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நர்ஸ்களும் அந்தக் கோரிக்கையை எதிர்த்தார்கள். ஆனால் செயற்கை ஆதரவை விலக்குவது பற்றி நாட்டில் முதல்முறையாக வழிமுறை வகுத்ததும் அதே தீர்ப்புதான். 'எனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது.

டென்னிஸ் ஆடிய மூளை

இதுவரை படித்தவர்கள், 'சரி, கண் திறந்து ஒரு மாசமாகியும் அசைவில்லை என்றால் உள்ளே எதுவும் இல்லை' என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். டாக்டர்களும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 2006-ல் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

இங்கிலாந்தில் கார் விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண். ஐந்து மாதமாகக் கண் திறந்தபடி இருக்கிறார், எந்த உத்தரவுக்கும் அசைவில்லை. எல்லாப் பரிசோதனையும் 'வெஜிடேட்டிவ்' என்றே சொல்லின. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை, மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதி சுறுசுறுப்பானது! "உங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையாக நடந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். இடத்தை அடையாளம் காணும் பகுதி வேலை செய்தது. ஆரோக்கியமானவர்களின் மூளை காட்டும் படத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் காது கேட்டிருக்கிறது, இங்கிலீஷ் புரிந்திருக்கிறது, சொன்னதைச் செய்திருக்கிறார். விரலைக்கூட அசைக்க முடியாமல்!

2010-ல் அவர்களும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குழுவும் சேர்ந்து 54 நோயாளிகளைப் பரிசோதித்ததில் ஐந்து பேரிடம் இப்படி மறைந்திருந்த உணர்வு தெரிந்தது. அவர்களில் ஒருவரிடம், 'ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு' என்று சொல்லிக்கொடுத்து, அவர் அப்பா பெயர் போன்ற ஆறு கேள்விகள் கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில் வந்தது.

'நூற்றில் ஒருத்தருக்கு நடக்கிற அதிசயம்' என்று ஒதுக்கவும் முடியாது. 2024-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சொன்ன சொல்லுக்கு வெளியே எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், அதாவது நாலில் ஒருவர், ஸ்கேனிலோ மூளை அலைப் பதிவிலோ பதில் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வெளிப்படையாகவே உத்தரவுக்குக் கைகாலை அசைக்கக்கூடிய 112 பேரில், இந்த மூளைப் பரிசோதனையில் தேறியவர்கள் 43 பேர்தான். ஆகவே ஸ்கேனில் பதில் வரவில்லை என்பதால் உள்ளே யாருமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நம் ஊரில் இந்தப் பரிசோதனை சாதாரணமாகச் செய்யப்படுவதும் இல்லை.

ஸ்கேனே இல்லாமல், பொறுமையாகச் சோதித்தாலே பல விஷயம் தெரியும். 'வெஜிடேட்டிவ்' என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்த 44 பேரை, 2009-ல் இதற்கென்றே வகுத்த விரிவான முறையில் திரும்பச் சோதித்தபோது 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது! ஒரு சமயம் கண்ணால் தொடர்வார்கள், இன்னொரு சமயம் மாட்டார்கள். இந்த விட்டுவிட்டு எரியும் நிலைக்கு 'மினிமலி கான்ஷியஸ்' என்று பெயர். அமெரிக்காவின் அர்கன்ஸாஸ் மாநிலத்தில் 1984-ல் விபத்தில் சிக்கி, 2003-ல் அம்மாவைப் பார்த்து 'அம்மா' என்று பேசிய டெர்ரி வாலிஸை, '19 வருட கோமா' என்று உலகமே எழுதியது. உண்மையில் அவர் இருந்தது இந்த நிலையில்தான். எழுந்து ஓடிவிடவில்லை, கடைசிவரை மற்றவர் உதவியோடுதான் இருந்தார்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் ஒன்று உண்டு. உணர்வு முழுசாக இருக்கும், உடம்பு மட்டும் பூட்டிக்கொள்ளும். பிரான்சில் 'எல்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ழான் டொமினிக் பாபி, 1995-ல் மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் அப்படி ஆனார். இடது கண் இமையை மட்டும் அசைக்க முடிந்தது. ஒருவர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இமைத்து இமைத்தே ஒரு புத்தகம் எழுதினார். 1997-ல் அது வெளியான சில நாளில் இறந்தார். அதனால், கண் திறந்திருக்கும் எந்த நோயாளியையும் "ஆமாம்னா ஒரு தடவை மேலே பாருங்க" என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூளைச்சாவு வேறு

'நாலில் ஒருவர் உள்ளே விழித்திருக்கிறார்' என்று படித்தவுடன், மூளைச்சாவு என்று சொல்லப்பட்டவர்களை நினைத்துச் சிலருக்குப் பகீரென்றிருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். மூளைச்சாவு கோமா அல்ல. அதில் ஸ்விட்ச் உள்ள மூளைத்தண்டே இறந்துவிடுகிறது, தானாக மூச்சு வராது. மெஷின் காற்று தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் சில காலம் துடிக்கும். முதுகுத்தண்டு நரம்பு உயிரோடிருப்பதால் கைகால் லேசாக வெட்டவும் செய்யலாம். முறைப்படி உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து மீண்டவர் இல்லை. 1994-ம் வருஷச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். மெஷினை விலக்கி, தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். உறுப்பு தானம் பற்றிப் பேச்சு வந்தால், "கோமாவா, மூளைச்சாவா? ரெண்டு டெஸ்ட்டும் முடிஞ்சுதா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பக்கத்தில் உட்காருபவர் என்ன செய்யலாம்?

மாற்றத்தை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டு மனுஷர்கள்தான். டாக்டர் நாளைக்குப் பத்து நிமிஷம் பார்க்கிறார், நீங்கள் பத்து மணி நேரம் பார்க்கிறீர்கள். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"கையைப் பிடிச்சேன், இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார்" என்பது போதாது. பிறந்த குழந்தைகூட விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், அதற்கு யோசனை தேவையில்லை. "இப்ப விடுங்க" என்று சொல்லி, விடுகிறாரா என்று பாருங்கள். அல்லது தொடாமலேயே, "ரெண்டு விரலைக் காட்டுப்பா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள், அடிபட்ட மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். மற்ற பொருள்களைவிடத் தன் முகத்தைக் கண்கள் தொடர்வது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, ஒரு பக்கமாக நின்று கூப்பிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர், காது மிஷின் வைக்கிறவர் என்றால் அவற்றை மாட்டிவிட்டு அப்புறம் சோதியுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், பலர் மறந்துவிடுவது இதைத்தான்!

காய்ச்சல், கிருமித்தொற்று, தூக்க மருந்து, வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து எல்லாமே உணர்வை மங்கவைக்கும். "இந்த மருந்தால மந்தமா இருக்காரா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்கள் தேறுவதற்கு உள்ள வாய்ப்பு, ரத்த ஓட்டமோ ஆக்சிஜனோ நின்றுபோய் மூளை பாதித்தவர்களைவிட அதிகம். விபத்து என்றால் ஒரு வருஷம், மற்றவற்றுக்கு மூன்று மாதம் கடந்துவிட்டால் 'நிரந்தரம்' என்று முத்திரை குத்தும் பழக்கம் முன்பு இருந்தது. தாமதமாகத் தேறுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 2018-ல் அந்த வார்த்தையையே விட்டுவிட்டார்கள். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் அமான்டடின் என்ற மாத்திரை, விபத்தில் மூளை அடிபட்டவர்கள் தேறும் வேகத்தைக் கூட்டுகிறது என்று 2012-ல் 184 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. யாருக்குப் பொருந்தும் என்பதை நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதற்கில்லை.

படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, "இவர் இனி தேறமாட்டார்", "ஆஸ்பத்திரி பில் எவ்வளவு ஆச்சு", "நிலத்தை வித்துடலாமா" என்றெல்லாம் பேசாதீர்கள். அந்தப் பேச்சை வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் முன்னும், புரட்டிப் படுக்கவைக்கும் முன்னும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள். ஓர் அசைவு தெரிந்தால் உடனே செல்போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது மணி என்ன, யார் என்ன சொன்னதற்கு அசைந்தார், அதற்கு முன் எந்த மருந்து கொடுத்திருந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.